உபரி என்று நான் எழுதிய உமி

முப்பத்திரண்டு வருட வேலையில் ஒரே ஒரு முறைதான் பொய் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். எழுதும்போது அது பொய் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயலவில்லை என்பதுதான் சரியாக இருக்கும். எரிபொருள் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் அதைச் சொல்லிவிடுவது நல்லது. பாய்லரைப் பற்றிச் சொல்லித்தர இப்போது என்னைவிடக் கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் அட்டைப் பெட்டிக்கான காகிதம் செய்யும் ஆலை எங்களுடையது. ஈரக் காகிதத்தை உலர்த்த இரவும் பகலும் நீராவி வேண்டும். நான் சேர்ந்த நாளிலிருந்து பாய்லர் ஃபர்னஸ் ஆயிலில்தான் ஓடியது. தார் போலக் கறுத்துத் தடித்த எண்ணெய் அது. அதன் வாசனை சட்டையில் ஏறினால் இரண்டு சலவைக்கும் போகாது.

இரண்டாயிரத்து ஐந்தை ஒட்டிய வருடங்களில் நிலைமை மாறியது. பூமி சூடாவதைத் தடுக்க நாடுகள் கூடி ஓர் உடன்படிக்கை போட்டிருந்தன. ஐரோப்பிய நாடுகள் தங்கள் புகைக்கு வரம்பு வைத்துக்கொண்டன. நம் நாட்டுக்கு வரம்பு இல்லை. உலகத்திலேயே பெரிய பணக்கார நாடு தனக்கு அதில் பங்கே வேண்டாம் என்று விலகிக்கொண்டது. ஆக, ஒவ்வொரு நாட்டுக்கும் ஒவ்வொரு சட்டம். வரம்புள்ள நாட்டில் இருக்கும் ஒரு கம்பெனி தன் புகையைக் குறைக்க முடியாவிட்டால், எங்களைப் போல வரம்பில்லாத இடத்தில் யாராவது குறைத்த புகைக்குச் சான்றிதழ் வாங்கித் தன் பெயரில் காட்டிக்கொள்ளலாம்.

எங்கள் மேனேஜர் இதை முதலிலேயே புரிந்துகொண்டவர். ஆயிலை நிறுத்திவிட்டு உமிக்கு மாறினால் சான்றிதழ் கிடைக்கும், அந்தப் பணத்தில் புதிய பாய்லரின் கடனை அடைக்கலாம் என்று தலைமை அலுவலகத்தைச் சம்மதிக்க வைத்தார். விண்ணப்பத்தில் எரிபொருள் பகுதியை எழுதும் வேலை எனக்கு வந்தது.

அதில் ஒரு கேள்வி இருந்தது. உங்கள் வட்டாரத்தில் கிடைக்கும் உமி உபரியானதா? நீங்கள் எடுத்துக்கொண்டால், இதுவரை அதை எரித்து வந்தவர்கள் வேறு எதை எரிப்பார்கள்?

பழவேற்காட்டு கவுஸ் பாய்தான் எங்களுக்கு உமி தருவதாக இருந்தவர். கருவாடு வியாபாரக் குடும்பம். லாரி வைத்திருந்ததால் உமிக்கும் வந்தார். அவரோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை செங்குன்றம் பக்கம் மூன்று அரிசி மில்களுக்குப் போனேன். மில்லுக்குப் பின்னால் உமி மலை மலையாகக் குவிந்திருந்தது. ஒரு மில்லில் இடம் அடைக்கிறது என்று தீ வைத்துக்கொண்டிருந்தார்கள். மூன்று மில்காரர்களிடமும் கடிதம் வாங்கிக்கொண்டு வந்து, 'உபரி தாராளமாக உள்ளது; எவருக்கும் பாதிப்பில்லை' என்று எழுதினேன்.

அது மாசி மாதம். சம்பா அறுவடை முடிந்து மில்கள் ஓய்வில்லாமல் ஓடும் காலம். அந்த ஒரு நாள் பார்த்த மலையை வருடம் முழுவதற்கும் எழுதிவிட்டேன். விற்கிறவரைக் கேட்டேன், எரிக்கிறவரைக் கேட்கவில்லை. உங்களிடம் சொல்ல வந்ததே இதுதான். ஆனால் இதை நான் எப்படித் தெரிந்துகொண்டேன் என்பதையும் கேளுங்கள்.

புதிய பாய்லர் எரியத் தொடங்கி ஒரு வருடம் கழிந்திருக்கும். உமி அள்ளிப் போடுவதற்கென்று சுற்று வட்டாரத்து ஊர்களிலிருந்து முப்பது பேர் வேலைக்கு வந்திருந்தார்கள். எங்களைப் பார்த்து இன்னும் நாலைந்து ஆலைகள் உமிக்கு மாறின. ஆடி மாதத்து ஞாயிறு ஒன்றில் நானும் என் மனைவியும் பெரியபாளையம் அம்மன் கோயிலுக்குப் போனோம். கும்பிட்டுவிட்டு வரும் வழியில் பொரி வாங்கினாள். ஒரு பிடி வாயில் போட்டவள் முகத்தைச் சுளித்தாள்.

"இன்னாங்க இது, உங்க பழைய சட்டை வாசனை அடிக்குது."

வாங்கி முகர்ந்து பார்த்தேன். ஃபர்னஸ் ஆயில். இருபது வருடம் அதோடு வாழ்ந்தவனுக்குச் சந்தேகமே இல்லை.

கடைக்காரரிடம் விசாரித்ததில் ஆற்றோரம் இருக்கும் ஒரு பொரிப் பட்டறையைக் கைகாட்டினார். ஓலைக் கொட்டகை. மல்லிகா என்ற பெண் அடுப்பின் முன் நின்று மணலில் அரிசியைப் புரட்டிக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். அவர் கணவர் சேகர் அடுப்புக்கு அந்தப் பக்கம் துணியால் கண்ணைத் துடைத்தபடி இருந்தார். அடுப்புக்குள் ஒரு குழாயிலிருந்து எண்ணெய் சொட்டியது. ஒரு சிறிய விசிறி காற்றை ஊதியது. கூரையின் உள்பக்கமெல்லாம் கறுப்பு. மூலையில் நான்கு பீப்பாய்கள்.

ஒரு பீப்பாயில் மஞ்சள் பெயிண்டில் இருந்த எண் என் கையால் எழுதியது. உமிக்கு மாறிய வாரத்தில் எங்கள் தொட்டியில் மிஞ்சிய எண்ணெயைப் பீப்பாய்களில் அடைத்து, எண் போட்டு, ஒரு வியாபாரிக்குக் கொடுத்து அனுப்பியது நான்தான்.

"இன்னா சார் வேணும்?" என்றார் மல்லிகா.

"இந்தப் பீப்பா எங்க வாங்குனீங்க?"

"மீஞ்சூர் வியாபாரிகிட்ட. ஏன் சார், திருட்டு சரக்கா?"

"அதெல்லாம் இல்லம்மா. சும்மா கேட்டேன். எப்பவும் ஆயில்தானா?"

"அய்யோ, இல்ல சார். பன்னெண்டு வருசமா உமிதான். பாதி நாள் மில்லுகாரரு சும்மாவே அள்ளிக்கினு போன்னுவாரு. இப்போ போய் கேட்டா, எல்லாம் கும்மிடிப்பூண்டி கம்பெனிக்கு புக் ஆயிட்ச்சுன்றாரு. உமிய எரிச்சா வெள்ளக்காரன் டப்பு குடுக்குறானாமே. நமக்கு யாரு குடுக்கப் போறாங்க. இந்த ஆயிலு மலிவா வந்துச்சு, வாங்கிட்டோம்."

"பொரியில வாசனை ஏறுதே."

"தெரியும் சார். போன வெள்ளிக்கெழம மூணு மூட்டை திரும்பி வந்துச்சு. சாமிக்கு வெக்கிற பொருளு, நாத்தம் அடிக்குதுன்னு மூஞ்சியில அட்ச்ச மாதிரி சொல்லிட்டாங்க." அவர் கை ஒரு நொடிகூட நிற்கவில்லை. "அவுங்க சொல்றதும் நெசந்தான."

எந்தக் கம்பெனி என்று அவருக்குத் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை. ஒரு மூட்டைப் பொரியை விலை கொடுத்து வாங்கிக்கொண்டு வந்தேன். அன்று என்னால் முடிந்த நாணயம் அவ்வளவுதான். பஸ்ஸில் மூட்டை மடியில் இருந்தது.

அடுத்து வந்த ஞாயிறுகளில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஊத்துக்கோட்டைச் சாலையில் ஒரு செங்கல் சூளைக்காரர், தெலுங்கு பேசும் குடும்பத்தவர், என்னை உட்காரவைத்து மோர் கொடுத்தார். "உமிய கண்ணால பாத்து ஆறு மாசம் ஆச்சு நைனா. இப்போ கரிதான். கப்பல்ல வருதாம். லாரியில கொண்டாந்து கொட்டிட்டுப் போயிர்றான்." அவர் பின்னால் நிலக்கரி பளபளவென்று குவிந்திருந்தது. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு முழுதாக விளங்கியது. நாங்கள் எரிக்காமல் விட்ட ஆயில் காணாமல் போய்விடவில்லை. விலை இறங்கி, கணக்கில் வராத அடுப்புகளுக்குப் போனது. நாங்கள் எடுத்த உமியின் இடத்தைக் கப்பலில் வந்த கரி பிடித்துக்கொண்டது. வெளிநாட்டில் ஒரு கம்பெனியோ எங்கள் சான்றிதழைக் காட்டிவிட்டுத் தன் கரியையும் எரித்துக்கொண்டிருந்தது. புகை எங்குமே குறையவில்லை என்று சொல்லமாட்டேன், கொஞ்சம் குறைந்திருக்கும். ஆனால் நான் எழுதிக் கொடுத்த அளவுக்கு இல்லை.

இதற்குள் வருடாந்தரச் சரிபார்ப்புக்கு ஐரோப்பாவிலிருந்து ஒரு தணிக்கையாளர் வருவதாகத் தகவல் வந்தது. நான் மேனேஜரிடம் போய்ப் பீப்பாய் விஷயத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"நீங்க சொல்றது பொய்யின்னு நான் சொல்லலை. ஆனா நாம விலை குடுத்து வாங்கறோம், மில்லுக்காரர் விக்கறார். மூணாவது ஆள் என்ன எரிக்கறார்ங்கறது நம்ம பொறுப்பா?"

"ஃபாரத்துலயே கேட்டிருக்காங்க சார். பாதிப்பில்லைன்னு நான்தான் எழுதியிருக்கேன்."

"சான்றிதழ் நின்னா திரும்ப ஆயிலுக்கே போன்னு தலைமை ஆபீஸ் சொல்லும். உமி அள்ளற முப்பது பேரையும் அனுப்பிடணும். அதையும் யோசிச்சீங்களா?"

யோசித்திருந்தேன். அதனால்தான் மூன்று வாரம் தாமதித்து அவரிடம் வந்தேன். அந்த முப்பது பேரில் பலர் வீட்டுக் கல்யாணத்துக்கு நான் போயிருக்கிறேன். இது நல்லவனுக்கும் கெட்டவனுக்கும் நடந்த வழக்கு இல்லை. இரண்டு பக்கமும் எனக்குத் தெரிந்த முகங்கள்.

கடைசியில் அவர் சொன்னார்: "தணிக்கைக்கு வர்ற அந்தம்மா கேட்டா உள்ளதைச் சொல்லுங்க. கேட்காம நீங்களா ஆரம்பிக்காதீங்க. இது ஒண்ணு மட்டும் எனக்காக."

சரி என்று தலையாட்டினேன்.

வந்தவர் இளம் பெண். உங்களில் சிலரின் வயதுதான் இருக்கும். வெயிலில் முகம் சிவந்துபோயிருந்தது. காலையிலிருந்து எடைச் சீட்டுகள், நீராவி மீட்டர்கள், லாரிப் பதிவேடு என்று ஒன்று விடாமல் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. எங்கள் ஆட்கள் வேலையில் சுத்தமானவர்கள். மூன்று மணிக்குக் கோப்பை மூடினார். உமி உபரியா என்ற கேள்விக்கு என் பழைய பதிலும் மூன்று கடிதங்களும் கோப்பில் இருந்தன. அவர் அதன் மேல் ஒரு சிறிய குறி போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருந்தார்.

எழுந்துகொள்ளும்போது மரியாதைக்காக, "வேறு ஏதாவது சொல்ல இருக்கிறதா?" என்று கேட்டார்.

மேனேஜர் என்னைப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாக உமிக் குவியலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இது கேட்டதா, கேட்காததா? அவருக்கு நான் கொடுத்த வாக்கு இதில் உடைகிறதா, இல்லையா? அந்தச் சில நொடிகளில் எனக்கு நியாயமெல்லாம் தோன்றவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த சேகரின் முகம்தான் தெரிந்தது.

"உமி பற்றி நான் எழுதியது தவறு," என்றேன். "முக்கால் மணி நேரப் பயணம், உங்களால் என்னோடு வர முடியுமா? ஓர் அடுப்பைக் காட்ட வேண்டும்."

மேனேஜர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். வெளியே போய்த் தன் டிரைவரைக் கூப்பிட்டார். "பெரியபாளையம் போகணும். மேடத்துக்குத் தண்ணி பாட்டில் எடுத்து வை," என்றார். அவரும் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

மல்லிகா எங்களைப் பார்த்ததும் பயந்துவிட்டார். "இவுங்க யாரு சார்? அடுப்ப மூட வந்திருக்காங்களா?"

"இல்லம்மா. உங்க உமியை எடுத்தது எங்க கம்பெனிதான். உபரியா கெடக்குதுன்னு எழுதிக் குடுத்தது நான். அன்னிக்கே சொல்லியிருக்கணும், சொல்லலை. இவங்க அதை விசாரிக்க வந்திருக்காங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அன்னிக்கு ஒரு மூட்டை வாங்குனியே, அதுக்குத்தானா?"

அவர் 'சார்' என்று சொல்லவில்லை என்பதைக் கவனித்தேன். அது எனக்கு வேண்டியதுதான்.

தணிக்கையாளர் கேட்கக் கேட்க நான் தமிழில் சொன்னேன். மல்லிகாவும் சேகரும் சொன்னதை அவருக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். எப்போதிலிருந்து உமி இல்லை, ஒரு மாதத்துக்கு எத்தனை பீப்பாய், இந்த ஆற்றோரத்தில் இப்படி எத்தனை பட்டறை. எழுதி முடித்ததும், வந்தவரை வெறுங்கையோடு அனுப்பும் வழக்கம் இல்லாததால், மல்லிகா ஒரு தட்டில் பொரியை நீட்டினார். அந்தப் பெண் ஒரு பிடி எடுத்து வாயில் போட்டார். அவர் முகத்தைப் பார்த்த மல்லிகா, "வேணாம்னு சொல்லு. நானே துன்ன மாட்டேன்," என்றார். நான் சொன்னேன். அந்தப் பெண் கேட்டுவிட்டு, தட்டில் இருந்ததை முழுதாகச் சாப்பிட்டுத்தான் தட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

காரில் திரும்பும்போது தணிக்கையாளர் சொன்னார்: "உங்கள் சான்றிதழை வாங்குவது எங்கள் ஊர் மின்நிலையம். என் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் அதன் புகைபோக்கி தெரியும். இங்கே குறைந்துவிட்டது என்று நினைத்துத்தான் தினமும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்."

அவர் நேர்மையான பெண். சூளைகளின் கரியையும் பட்டறைகளின் ஆயிலையும் கணக்கிட்டு எங்கள் சான்றிதழில் கழித்துவிட்டார். திட்டத்தை ஒரேயடியாக ரத்து செய்யச் சொல்லவில்லை. தலைமை அலுவலகத்திலிருந்து கடுமையான கடிதம் வந்தது. எனக்கு வரவேண்டிய பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது. வேலை போகாமல் அதோடு முடிந்தது ஏன் என்று எனக்கு வெகு நாள் தெரியாது. மேனேஜர் மாற்றலாகிப் போன பிறகுதான் அலுவலகக் கோப்பில் அவர் எழுதிய பதிலைப் பார்த்தேன். 'தணிக்கையாளரைப் பெரியபாளையம் அழைத்துச் சென்ற முடிவு என்னுடையது' என்று எழுதியிருந்தார். என் பெயர் அதில் ஓர் இடத்திலும் இல்லை. அவரிடம் அதைப்பற்றிப் பேச வாய்ப்புக் கிடைக்கவில்லை. உங்கள் வேலையில் உங்களுக்கு மேலே இருப்பவர்களைச் சீக்கிரம் எடைபோட்டுவிடாதீர்கள் என்று சொல்ல எனக்கு அவர் ஒருவர் போதும்.

மேனேஜர் மாற்றலாகிப் போவதற்கு முன்பே ஒரு காரியம் செய்தோம். கவுஸ் பாயைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். என்னைப் போலவே அவரும் சங்கடப்படுவார் என்று நினைத்தேன். அவர் அமைதியாகச் சொன்னார்: "நீங்க மில்ல காட்டச் சொன்னீங்க சார், காட்டுனேன். அடுப்ப காட்டச் சொல்லலையே. சொல்லியிருந்தா அப்பவே காட்டியிருப்பேன். இந்தப் பேஜாரே இல்ல."

அவரேதான் வழியும் சொன்னார். உமி வண்டி எங்களிடம் வருவதற்கு முன் பட்டறைகளுக்கு அவர்கள் பழைய விலையில் இறக்கிவிட்டு வரும். எங்களுக்குக் குறைவதை வேலிகாத்தான் கட்டையாலும் சவுக்குப் பட்டையாலும் ஈடுகட்டுவது. மேனேஜர் ஒப்புக்கொண்டார். பாய்லர் ஆட்கள் முதலில் முணுமுணுத்தார்கள். கட்டை ஒரே சீராக எரியாது, சாம்பல் அதிகம். இரண்டு மாதத்தில் பழகிவிட்டார்கள். உமி அள்ளிய முப்பது பேரில் ஒருவரையும் அனுப்பவில்லை. கட்டை வெட்ட மேலும் ஆறு பேர் வந்தார்கள்.

எல்லாமே நேராகிவிட்டது என்று நினைக்காதீர்கள். ஊத்துக்கோட்டைச் சாலைச் சூளைக்காரரிடம், இனி உமி வரும் என்று நான் சந்தோஷமாகப் போய்ச் சொன்னேன். அவர் சிரித்தார். "கரி நின்னு எரியுது நைனா. ஊட்டு வாசலுக்கே வந்துருது. இனிமே உமிக்கு யாரு அலையறது?" அவர் கடைசிவரை திரும்பவில்லை. அந்தச் சூளையை உமியிலிருந்து கரிக்கு நகர்த்தியதில் என் கையெழுத்துக்கும் பங்கு உண்டு. அதை எந்தத் தணிக்கையும் எனக்குக் கழித்துத் தராது.

மறு வருடம் அதே கேள்வி வந்தது. இம்முறை மில்களுக்குப் போகவில்லை. மாசியில் ஒரு முறை, ஆடியில் ஒரு முறை என்று பட்டறை பட்டறையாகப் போய், என்ன எரிக்கிறீர்கள் என்று அவர்கள் வாயாலேயே கேட்டு எழுதினேன். ஆடியில் மல்லிகாவின் கொட்டகைக்குப் போனபோது கூரையை மாற்றியிருந்தார்கள். புதிய ஓலை. சேகர் வெளியே வண்டியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்.

"திரும்பியும் எய்த வந்துட்டியா?" என்றார் மல்லிகா. குரலில் பழைய கோபம் இல்லை.

"ஆமாம்மா. நீங்க சொல்றதைத்தான் இந்தத் தடவை அனுப்பப் போறேன்."

"நான் சொல்றது அந்த ஊர் வரைக்கும் போவுமா?"

"போகும்."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தார். உமி வருகிறதா, எவ்வளவு வருகிறது, குறைந்தால் என்ன செய்வார்கள் என்று கேட்டு ஆங்கிலத்தில் எழுதினேன். முடித்ததும், "இன்னா எய்திருக்க, படி," என்றார்.

தமிழில் படித்துக் காட்டினேன். 'இவரிடம் போதுமான உமி இருக்கிறது' என்று முடித்திருந்தேன்.

அவர் அடுப்போரம் இருந்த உமி மூட்டைகளைத் திரும்பிப் பார்த்தார்.

"போதும்னு எய்தாத சார். இன்னிக்கு இருக்குதுன்னு எய்து."

அடித்துவிட்டு அப்படியே எழுதினேன்.